மகனின் ஊரில் என் திருநீறு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிகசாலை மலருக்கு எழுதித் தரும்படி பலமுறை கேட்டார்கள். அச்சில் போடும்போது திருத்திக்கொள்வோம், பயப்படாமல் எழுதுங்கள் என்றார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் இருந்தால் அவையும் என்னுடையவைதான்.

கண்டி நகரத்தில் தண்ணீர்ப் பகுதியில் எனக்கு வேலை. கட்டணம் கட்டாத வீடுகளுக்குப் போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு வர வேண்டும். வீடு மஹியாவையில். மனைவி பாக்கியம். ஒரே மகன் தினேஷ். அவன் இருபது வயதில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினான். பிறகு ஞானஸ்நானம் எடுத்துத் தானியேல் என்று பெயரை மாற்றிக்கொண்டான். அதன் பிறகு ஊழியப் பயிற்சிக்கென்று பெரு நாட்டுக்குப் போய்விட்டான். அங்கே பேசுவது ஸ்பானிஷ். வீட்டில் தமிழையே அளந்து பேசிய பிள்ளை அவன். அந்த விஷயத்தில் என்னை உரித்து வைத்தவன்.

பயிற்சி முடிகிற சமயத்தில் பெற்றோரில் ஒருவரைத் தங்கள் செலவில் அழைப்பது அந்தச் சபையின் வழக்கம். கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளை சபைக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்ய வேண்டும். மூப்பர்கள் சரியென்றால், மலைக்குள் இருக்கும் ஓர் ஊரை ஐந்து வருடத்துக்கு அவன் பொறுப்பில் கொடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாக்கியம் முறுக்கையும் சீனிச் சம்பலையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "பேச்சக் கேட்டுட்டு கைதட்டிட்டு வர ஒங்கள அனுப்பல. புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்க. அவன் வரலைன்னா நீங்களும் அங்கயே இருந்துக்கங்க. ரெண்டு பேரும் சேந்து ஜெபம் பண்ணுங்க."

என்னோடு வேலை செய்யும் மடவளை நிசார் நானா, அக்குறணையில் ஒரு கடையிலிருந்து தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். "மகன்ட ஊர் ஆகாசத்துக்குக் கிட்டவாம். நுவரெலியா குளிரெல்லாம் அதுக்குக் காணாதாம். அங்க போய் ஒண்டும் பேசாம இருந்திடாதீங்க. ஊமைண்டு நினைச்சிடுவானுகள்."

"பாஷை தெரியாத ஊர்ல நான் ஊமைதானே நானா."

"அப்ப ஒங்களுக்குச் சரியான ஊர்தான்" என்றார்.

என் சட்டைப் பையில் பிள்ளையார் கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று இருந்தது. இந்தக் கதையெல்லாம் அதனால் வந்ததுதான்.

விமானங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன், கொடுத்ததைச் சாப்பிட்டேன், இறங்கினேன். வெளியே வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக ஒரு பையன் நின்றான். மெலிந்திருந்தான், உச்சியில் முடி வெட்டு வேறு மாதிரி இருந்தது. "அப்பா" என்றான். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அவனுடைய ஊர் மலைமேல் இருக்கிறது. பெயரை எழுதினால் பிழையாக எழுதிவிடுவேன், விட்டுவிடுகிறேன். அங்கே போகிற வேனைக் கண்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. கண்டி பஸ் நிலையத்தில் "குருநாகல், குருநாகல்" என்று கத்துவது போலவே ஒரு பையன் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்தினான். ஆள் நிரம்பிய பிறகும் இடம் இருக்கிறது என்றான். நம் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

பாதி வழியில் மலையிலிருந்து கல் சரிந்து பாதையை அடைத்திருந்தது. எல்லோரும் இறங்கிக் கல்லை நகர்த்தினார்கள். கலகெதரைப் பக்கம் மழைக்காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன், அதனால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். நாலு கல் தூக்குவதற்குள் மூச்சு முட்டியது, தலை பிளந்தது. அந்த உயரத்தில் காற்றே குறைவாம். ஒல்லியான இரட்டைச் சடையும் உயரமான தொப்பியுமாக ஒரு பெரியம்மா என்னைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்தார். மடியிலிருந்து கொஞ்சம் காய்ந்த இலையை எடுத்து, வாயில் ஒதுக்கிக்கொள் என்று சைகை காட்டினார். வெற்றிலையை ஒதுக்கிப் பழகிய வாய்தானே. சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை போலக் கசந்தது. ஆனால் தலைவலி இறங்கியது.

அப்போதுதான் அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார். உடனே தன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு மகனிடம் ஏதோ கேட்டார். அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்னா தம்பி கேக்குறாங்க?"

"இன்னைக்கு சாம்பல் புதனான்னு கேக்குறாங்கப்பா. இங்க கத்தோலிக்கருங்க வருசத்துல ஒருநாள் கோயில்ல சாமியார்கிட்ட சாம்பல் பூசிக்குவாங்க. இது மாசம் தப்பா இருக்கேன்னு கொழம்பிட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்கப்பாவுக்கு தெனமும் புதன்தான்னு சொன்னேன்."

அந்த அம்மா என்னை ஒரு பெரிய பக்தனைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேன் மறுபடி கிளம்பியதும், ஜன்னலோரம் இருந்த தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். கூச்சத்தில் நான் மலையைப் பார்க்காமல் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

மகன் தங்கியிருந்தது ரோசா அம்மா என்ற விதவையின் வீட்டில். அங்கே சாப்பாட்டுத் தட்டில் சோறும் இருக்கும், உருளைக்கிழங்கும் இருக்கும், சோளமும் இருக்கும். எதற்கு எதைத் தொட்டுக்கொள்வது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மஞ்சளாய் ஒரு மிளகாய்ச் சாறு வைத்தார்கள். அதை ஊற்றிப் பிசைந்ததும்தான் நாக்கு ஊருக்குத் திரும்பியது. இன்னொரு நாள், எலிக்கும் முயலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பிராணியைத் தலையோடு வறுத்து வைத்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டேன். மகன் சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாமல் வளர்ந்த பிள்ளை.

"கொடுக்கிறத சாப்பிடணும், அதுதான் பயிற்சியில மொதல்ல சொல்றது" என்றான். "மொத மாசம் அழுதுகிட்டே சாப்பிட்டேன்."

அப்படித்தான் துண்டு துண்டாக அவனுடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன் எழுந்து ஜெபம். பிறகு ஸ்பானிஷ் பாடம். கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பிரசங்கம் பண்ணிப் பழகுவான். ரோசா அம்மா சமையல்கட்டிலிருந்தே பிழை திருத்துவாராம். ஆனால் அந்த அம்மா கத்தோலிக்கர், இவன் சபைக்கு ஒருநாளும் போனதில்லை. மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போவது. சப்பாத்தின் அடி இரண்டு பக்கமும் தேய்ந்து, உள்ளே அட்டை வெட்டி வைத்திருந்தான்.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். மண் சுவர் வீடுகள், நீலக் கதவுகள், எல்லா வாசலிலும் ஒரு நாய். மகன் தட்டுவான், கதவு கொஞ்சம் திறக்கும், அவன் புத்தகத்தைக் கண்டதும் மூடும். ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவர், "நாங்க கத்தோலிக்கர், நன்றி" என்றார். இவனும் "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான். நானும் கதவு கதவாகப் போகிறவன்தான். தண்ணீரை நிறுத்த வந்தவனென்று தெரிந்தால் நம் ஊரில் யார் திறப்பார்கள்? வீட்டுக்காரரே உள்ளேயிருந்து "மாத்தயா வீட்டில் இல்லை", அதாவது ஐயா வெளியே போயிருக்கிறார் என்பார். ஆனால் நான் மூடிய கதவுக்குச் சம்பளம் வாங்குகிறேன். இவன் எதற்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறான்?

தெருவின் கடைசி வீட்டில் கதவு முழுசாகத் திறந்தது. வேனில் வந்த அதே இரட்டைச் சடை அம்மா. இவனை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கட்டிலில் அவருடைய கணவர் படுத்துக் கிடந்தார். பல நாளாகக் காய்ச்சல் என்று மகன் சொன்னான். அந்த அம்மா என் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

யாராவது தலை குனிந்தால் திருநீறு பூசாமல் விடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. எதிரி வந்து குனிந்தாலும் பூசித்தான் அனுப்புவோம். யோசிப்பதற்கு முன்பே கை பைக்குள் போய்விட்டது. "சிவ சிவா" என்று அவருக்குப் பூசினேன். கட்டிலில் கிடந்தவருக்கும் பூசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது, மகன் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

மறுநாள் காலையில் ரோசா அம்மா வீட்டு வாசலில் ஆட்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், கால் வீங்கிய கிழவர் ஒருவர், இன்னும் சிலர். சாம்பல்காரர் எங்கே என்று கேட்டார்களாம். காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாராம். எனக்கு வியர்த்துவிட்டது. நான் பின்பக்கக் கொட்டிலுக்குள் போய் விறகை அடுக்குவது போல நின்றுகொண்டேன். ரோசா அம்மாதான் ஏதோ சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, உள்ளே வந்து எனக்கு ஒரு முறுக்கை நீட்டினார். என் முறுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சபையின் பெரிய பாஸ்டர் மகனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் வந்த அன்று எனக்காகப் படியேறி வந்து கை கொடுத்தவர். திரும்பி வந்த மகன் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தான்.

"என்னால ஏதாவது பெரச்சினையா தம்பி?"

சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தேன். சொன்னான். "சாம்பல்லயும் சிலையிலயும் ஒண்ணுமில்லன்னு நாம வீடு வீடா சொல்றோம். ஒன் அப்பா பின்னாலயே வந்து சாம்பல் பூசுறாரு. சனங்க யாரை நம்பும்னு பாஸ்டர் கேட்டார். அவர் கேட்டதுல தப்பில்லப்பா. ஞாயித்துக்கெழம நீங்க திருநீறோட முன்வரிசையில ஒக்காந்தா, மூப்பருங்க எனக்கு ஊர் குடுக்கமாட்டாங்க. சொந்த அப்பாகிட்டயே பேச முடியாதவன் ஊருக்கு என்னத்த பேசுவான்னு கேப்பாங்க."

"அப்ப நான் வராம இருந்துர்றேன்."

"வராம இருந்தா ஒளிச்சி வச்சிட்டேம்பாங்க. நீங்க எப்பவும் போல வாங்க. தொடைக்கச் சொல்லமாட்டேன். அவங்க வேணாம்னா ஒங்ககூடக் கெளம்பி வந்துர்றேன். அம்மாவுக்கும் சந்தோசம்."

பாக்கியம் கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தினமும் செய்வதைச் செய்தால் போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். ஊதா, மஞ்சள், கறுப்பு என்று உருளைக்கிழங்கிலேயே எத்தனை நிறம். கிழங்கு விற்ற பெண் எங்களைப் பார்த்துச் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்: "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்காம். பேச்சும் ஒரே பேச்சான்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஊர்ல எங்கள விட அந்தக் கெழங்கு அதிகமா பேசும்னு சொன்னேன்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரி என்னவென்று கேட்டாள். மகன் திரும்பவும் சொன்னான், கையை ஆட்டி, குரலை மாற்றி. அவளும் சிரித்தாள். ஒரு கிழவரிடம் பசுவைப் பற்றி விசாரித்தான். அவர் மூட்டையை வாங்கித் தோளில் வைத்து மேட்டுத் தெருவரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். குழந்தைகள் "தானியேல், தானியேல்" என்று பின்னால் ஓடின. புதன்கிழமை ஜன்னலுக்குள்ளிருந்து நன்றி சொல்லி அனுப்பிய மனிதர்கூட, தெருவில் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

இந்தப் பிள்ளை மஹியாவையில் ஆட்கள் எதிரே வந்தால் பின் சந்தால் சுற்றிப் போவான். கடைக்குப் போய் அரை றாத்தல் பாண் ரொட்டி கேட்க வெட்கப்பட்டு, சும்மா திரும்பி வந்திருக்கிறான். நானும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். எனக்குத் திறக்காத ஏதோ ஒரு கதவு இவனுக்கு இந்த ஊரில் திறந்திருந்தது. எந்தச் சாமி திறந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதை மூடுகிற வேலையை நான் செய்யலாமா?

ஞாயிற்றுக்கிழமை குளித்தேன். கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். பொட்டலத்தை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். நிசார் நானா கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நெற்றியில் காற்று பட்டது. சட்டை போடாமல் தெருவுக்கு வந்துவிட்டது போல இருந்தது. மகன் முன்னாலேயே போயிருந்தான். ரோசா அம்மா என் நெற்றியைப் பார்த்தார். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, சபை வாசலையே மிதிக்காத அந்த அம்மா என் கூட நடந்தார்.

முன்வரிசையில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகன் மேடையேறினான். ஸ்பானிஷ் ஆறு மாதிரி ஓடியது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எங்கே நிறுத்துகிறான், எங்கே இறக்குகிறான் என்று தெரிந்தது. முன்வரிசையில் என்னைத் தேடினான். பிறகு வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து, தூணருகில் கண்டுபிடித்தான்.

அங்கேயே அவன் பேச்சு நின்றுவிட்டது.

யாரோ இருமினார்கள். பெரிய பாஸ்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். மகன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் பாண் வாங்காமல் திரும்பி வந்து நின்ற அதே முகம். பேசிடு தம்பி, பேசிடு என்று உள்ளுக்குள் நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தில் அவரைக் கூப்பிடலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

பிறகு அவன் பேசினான். மெதுவாக, காகிதத்தைப் பார்க்காமல். கொஞ்ச நேரம்தான். திடீரென்று சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குத் தூணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் ரோசா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

முடிந்த பிறகு பெரிய பாஸ்டர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகனுக்கு ஊர் கிடைத்துவிட்டது.

அவன் என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று, வேன் நிலையத்தில் அவனே சொன்னான், என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

"எங்கப்பா நெத்தியில திருநீறு இல்லாம வாசப்படி தாண்டினத நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு எனக்காகத் தாண்டி வந்திருக்கார். அன்புன்னா என்னான்னு இத்தன மாசம் படிச்சேன், இதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

வேன் பையன் ஊர்ப் பெயரைக் கத்தத் தொடங்கினான்.

"அம்மா ஒன்னயக் கூட்டிக்கிட்டுத்தான் வரச் சொன்னிச்சு" என்றேன்.

"தெரியும்பா. போன்ல சொல்லிட்டாங்க."

"இப்ப நான் போயி என்னா சொல்றது?"

"நல்லா சாப்பிடுறான்னு சொல்லுங்க."

நிசார் நானாவின் ஜாக்கெட்டை அவனிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நெத்தியத் தொடச்சிக்கிட்டுப் போனீங்களாமே."

"தொடைக்கல. பூசல."

"அம்புட்டுத் தூரம் ஒங்கள அனுப்புனது அதுக்கா?"

அதன் பிறகு சில நாள் என்னோடு பேசவில்லை. கருவாட்டை மட்டும் எப்போதும் போலப் பெரிய துண்டாக வைத்தாள். ஒருநாள், மகன் அனுப்பிய அந்தப் பிரசங்கத்தைப் போனில் போட்டுவிட்டு, அடுப்படியில் வெங்காயம் உரித்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன். அவன் பேச்சு நின்றுபோகிற இடம் வந்தது. அவள் கையும் நின்றது. மறுபடி அவன் பேசத் தொடங்கியதும் மூச்சை விட்டாள்.

"நல்லாத்தான் பேசுறான் போல" என்றாள், வெங்காயத்திடம் சொல்வது போல.

இதையெல்லாம் எழுதாமல் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். இன்று மாலை விளக்கு வைக்கிற நேரம் மகன் போன் எடுத்தான். அவனுக்கு அங்கே காலை. புது ஊரில் வேலைக்குக் கிளம்பி, தெருவில் நடந்துகொண்டே பேசினான், மூச்சு வாங்கியது.

"அப்பா, இன்னைக்கு இங்க சாம்பல் புதன். விடியக்காலப் பூசை முடிஞ்சி எல்லாரும் நெத்தியோட வீட்டுக்கு வந்திருக்காங்க. எந்தக் கதவத் தட்டினாலும் நீங்களே வந்து தெறக்கிற மாதிரி இருக்குப்பா."

பாக்கியம் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மஹியாவை, கண்டி.
2025 மார்ச் 5, புதன்கிழமை.